ஆளுக்கு நூற்றாறு

ஸ்ப்ளிட் நகர நீதிமன்றம் எங்களைப் பிரித்தபோது
வீடு அவனுக்கு, படகு விற்ற பணம் எனக்கு.
புருஸ்யே ஊருக்கு மேலே, சரிவில்,
இருநூற்றுப் பன்னிரண்டு லாவெண்டர் செடிகள்
ஆளுக்கு நூற்றாறு.
நடுவே சுவர் எழுப்பிக்கொள்ளச் சொன்னார் வக்கீல்.
கல்லுக்கா பஞ்சம் இந்தத் தீவில்?
மண்ணைத்தான் தேட வேண்டும்.

யெர்கோ ஒரு கயிறு மட்டும் கட்டினான்,
துணி காயப்போட்ட பழைய நீலக் கயிறு.

அந்த வருஷம் கப்பல்துறையில் எனக்கு டிக்கெட் வேலை.
விடியலில் முதல் படகு, இரவில் கடைசிப் படகு.
செடிப்பக்கம் போனது எண்ணி மூன்று முறை:
மார்ச்சில் களை,
ஜூன் கடைசியில் அரிவாள்,
ஆகஸ்டில் கவ்வாத்து.
கவ்வாத்தில் ஒன்றே ஒன்றுதான் விஷயம்.
பச்சை முடியும் இடத்துக்கு இரண்டு விரல் மேலேயே
கத்தரியை நிறுத்திவிட வேண்டும்.
அதற்குக் கீழே கட்டை.
கட்டைக்குக் கண் கிடையாது.
பட்டமரம் துளிர்க்கும் என்பதெல்லாம்
வேறு மரங்களுக்கு.

அவன் பக்கமோ விருந்து.
தினமும் மாலை ஆறு மணிக்குக் குழாய்.
கோழி எரு இரண்டு மூட்டை.
வெயில் படாமல் வைக்கோல் விரிப்பு.
பத்தொன்பது வருஷம்
சாப்பிட்டாயா என்று கேட்காதவன்
ஒவ்வொரு செடியிடமும் குனிந்து
ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
பொறாமை இல்லை.
இருந்தது, கொஞ்சம்.

இலையுதிர்காலத்தில் யூகோ காற்று
மூன்று வாரம் மழையைச் சுமந்துவந்து கொட்டியது.
அவன் செடிகள் கிளை கிளையாய்ச்
சாம்பல் பூத்துத் தலை சாய்ந்தன.
தாகத்தில் வாடிய லாவெண்டருக்கும்
வேர் மூழ்கிய லாவெண்டருக்கும்
முகம் ஒன்றுதான்.
தாகம் என்று நினைத்தான்.
மழை விட்டதும் மறுபடி ஊற்றினான்.

அவன் இல்லாத நேரம் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.
கறுத்த வேர், விரலோடு தோலாய் உரிந்து வந்தது.
நாற்றம்கூட இல்லை,
நனைந்த பலகை மாதிரி ஏதோ.
திரும்பக் குழியில் செருகி
மண்ணைத் தட்டிவிட்டு வந்தேன், திருடி போல.

சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
எங்கள் வழக்கு மொத்தமும் இதுதான் என்று
நீதிபதியிடம் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் கவுண்டர் கண்ணாடிக்கு அப்பால் அவன்.
"ஸ்ப்ளிட்டுக்கு ஒன்று."
கையில் பை இல்லை. முழங்காலில் செம்மண்.
டிக்கெட்டும் சில்லறையும் தள்ளினேன்.
பின்னால் ஒரு ஜெர்மன் தம்பதி, நாயோடு.
அவன் நகரவில்லை.
"பெரினா, உன் செடியிலிருந்து குச்சி கிடைக்குமா?"
"எத்தனை?"
"நூற்றாறு."
சிரித்துவிட்டேன். நாய் குரைத்தது.
படகு போய்விட்டது,
அவன் அங்கேயே நின்றிருந்தான்.

பூக்காத கிளையாய்ப் பார்த்து, நான்கு விரல் நீளம்,
கணுவுக்குக் கீழே நறுக்கி
அடியிலைகளை உருவித்
தக்காளிப் பெட்டியில் மணல் நிரப்பிக் குத்தினோம்,
ஒருகாலத்தில் என்னுடையதாய் இருந்த கொல்லையில்.
பூவாளியை நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
"தெளிக்க நானே வருவேன். நீ தொடாதே."
ஆறு வாரம் வந்தேன்.
ஒருநாள் காபி இருந்தது. ஒருநாள் இல்லை.

பிழைத்தவை எழுபத்தொன்பது.
மழைக்கு முன்னால்,
குழியடியில் சுண்ணாம்புக்கல் உடைத்துப் போட்டு
நட்டாயிற்று.

இந்த ஜூனில் தண்டுகள் எட்டிப் பார்த்தபோது
கிள்ளிவிடச் சொன்னேன்.
முதல் வருஷம் பூக்க விடக் கூடாது,
வேர் பிடிக்கட்டும்.
"ஒன்றாவது?" என்றான்.
"ஒன்றுகூட."
கிள்ளினான், வரிசை வரிசையாய்,
பையனுக்கு முதல் மொட்டை அடிக்கும்
தகப்பன் முகத்தோடு.

நேற்று விடியலில்
கயிறு தொய்ந்த மூலையில்
ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால்
அவன் ஒளித்து வைத்த ஒற்றைத் தண்டு,
நுனியில் ஊதா.
பார்க்காத மாதிரி தாண்டி வந்தேன்.
முதல் படகுக்கு நேரமாகிவிட்டிருந்தது.